கேஷுக்குள் ஒரு கணக்குப்பிள்ளை!

சத்தம் போடாமல் வாருங்கள், உள்ளே ஒருவர் தூங்குகிறார்!

ஜாவாவில் டேட்டாபேஸைக் கட்டி மேய்க்கிறவர்களுக்கு ஹைபர்நேட் பழைய சிநேகிதம். 2001-இல் கேவின் கிங் தொடங்கிவைத்தது. அதற்குள் இருக்கும் கணக்குப்பிள்ளையை வேலைக்குக் கூப்பிட ஒரே வரி போதும்: 'ஹைபர்நேட்.ஜெனரேட்_ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' என்பதை 'ட்ரூ' ஆக்குங்கள். எழுந்து உட்கார்ந்து பேனாவை எடுத்துவிடுவார்!

ஒவ்வொரு செஷன் மூடும்போதும் லாகில் கணக்கு வந்து விழும். எத்தனை எஸ்க்யூஎல் போனது, கேஷில் தேடியது கிடைத்த ஹிட் எத்தனை, கிடைக்காத மிஸ் எத்தனை, உள்ளே எடுத்துவைத்த புட் எத்தனை. நேரமெல்லாம் நானோசெகண்டில்! ஒரு செகண்டை நூறு கோடியாக நறுக்கிய கணக்கு.

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்ட காட்சியைச் சொல்கிறேன். ஹைபர்நேட் 5. புத்தகம் 50 கொண்டுவரும் ஒரு க்வெரி, அதற்கு க்வெரி கேஷ் போட்டிருந்தோம். முதல் தடவை மிஸ் 1, எஸ்க்யூஎல் 1. சரி. புது செஷனில் மறுபடி ஓட்டினால் க்வெரி கேஷ் ஹிட் 1. ஆஹா! கண்ணை ஒரு வரி நகர்த்தினேன். எஸ்க்யூஎல் 50!

ஹிட் ஆன பிறகும் டேட்டாபேஸ் கதவை ஏன் 50 தடவை தட்ட வேண்டும்? அந்தப் பதிப்பின் க்வெரி கேஷ் புத்தகங்களின் ஐடிகளை மட்டும்தான் எடுத்துவைக்கும். டோக்கன் கையில், பொருளெல்லாம் கிடங்கில்! ஒவ்வொரு டோக்கனுக்கும் ஒரு நடை. செகண்ட் லெவல் கேஷைத் திறந்து, புத்தக கிளாஸின் தலையில் '@கேஷபிள்' போட்டோம். ஒரு சுற்று ஓடி எல்லாம் உள்ளே வந்து உட்கார்ந்தது. அடுத்த சுற்றில் புத்தக ஹிட் 50, எஸ்க்யூஎல் 0. அந்தப் பூஜ்யத்தின் அழகை என்னவென்று சொல்ல!

அந்த அழகைக் கலைப்பதும் சுலபம். எந்த டேபிள் என்று சொல்லாமல் நேட்டிவ் எஸ்க்யூஎல் அப்டேட் ஒன்றை விட்டுப் பாருங்கள். எது மாறியதென்று தெரியாத ஹைபர்நேட், எதற்கு வம்பென்று செகண்ட் லெவல் கேஷின் எல்லா ரீஜனையும் துடைத்துவிடும். மிஸ் மளமளவென்று ஏறும்.

லாகில் என் கண் முதலில் போவது புட் மேல்தான். புட் ஏறிக்கொண்டே போய் ஹிட் அசையாமல் நின்றால், யாரும் கேட்காத சரக்கை அடுக்கிக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

ஹைபர்நேட்டுக்கு வெளியேயும் எண்ணை அப்படியே நம்ப மாட்டேன். ஜாவாவின் காஃபீன் என்ற கேஷ் லைப்ரரியில் ஹிட் ரேட் 1.0 என்று பளிச்சிட்டால் உடனே ரிக்வெஸ்ட் கவுன்ட்டைத் தேடிப் போவேன். ஒரு ஆள்கூடக் கேட்காத கேஷும் அங்கே 1.0 காட்டும். கணக்கெழுதச் சொல்லும் 'ரெக்கார்ட்ஸ்டாட்ஸ்' போட மறந்திருந்தாலும் அதே 1.0 தான்!