புதிய பியோனி பிறக்கும் வகை

பூங்காவிற் பூத்து நிற்கும் மலர்களைக் காணுந்தோறும், அவை யாவும் இயற்கை தானே அளித்த கொடை என்று நாம் எண்ணி மகிழ்கின்றோம். அவ்வெண்ணம் ஒருபாதியே உண்மையாம். காட்டில் தானே வளர்ந்த செடியின் மலர் வேறு. மக்கள் பல தலைமுறையாகத் தேர்ந்தும் கலந்தும் காத்தும் வளர்த்த மலர் வேறு. பின்னையதன் அழகிற்கு மண்ணும் மழையும் மட்டுமன்றி மனிதன் உழைப்பும் காரணமாகும். அவ்வுழைப்பின் இயல்பை விளக்குதற்குப் பியோனி என்னும் மலரை ஈண்டு எடுத்துக்கொள்வோம். கடுங்குளிர்காலம் உள்ள இடங்களிலேயே செழிப்பதாதலின், நம்மிற் பலர் இதனைப் படத்திலன்றி நேரிற் கண்டிரார். எனினும், இதன் வரலாறு தோட்டம் வையாதவரும் அறியத்தக்கதே.

பியோனிச் செடிகளுள் தோட்டத்தார் வளர்ப்பன பெரும்பாலும் இருவகைப்படும். ஒன்று பூண்டுவகை, இது குளிர்காலத்தில் தண்டும் இலையும் மடிந்து, மண்ணுட் கிடக்கும் தடித்த வேரினின்று இளவேனிலில் மீண்டும் தளிர்ப்பது. மற்றொன்று மரவகை, மரம் என்னும் பெயர் பெற்றிருப்பினும் உண்மையில் இது புதரே. இலை உதிர்ந்த பின்னும் இதன் தண்டு மடியாது நிற்கும். சீனர் இம்மரவகையை மூதான் என வழங்கிப் பன்னூறு ஆண்டுகளாகப் போற்றி வளர்த்தனர். லோயாங் நகரத்து மூதான் மலர்களைப் பற்றி ஓயாங் சியூ என்னும் அறிஞர் 11-ஆம் நூற்றாண்டிலேயே தனிநூல் ஒன்று இயற்றினார். ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள் பூண்டுவகையிற் பல புதுமலர்களைத் தோற்றுவித்தனர். இன்றும் பூக்கடைகளில் விரும்பி வாங்கப்படும் 'சாரா பெர்னார்' என்னும் இளஞ்சிவப்பு மலர், நான்சி நகரத்து லெமோயின் குடும்பத்தாரால் 1906-இல் வெளியிடப்பட்டதாகும்.

இனி, புதுவகை எவ்வாறு பிறக்கின்றது என்பதைக் காண்போம். உள்ள வகையை அவ்வாறே பெருக்க வேண்டுவார் பூண்டுவகையின் வேரைப் பகுத்து நடுவர்; மரவகையை ஒட்டுக்கட்டிப் பெருக்குவர். விதையினின்று முளைத்த செடியோ தாய்ச்செடியை முற்றும் ஒத்திராது. ஒரே காயின் விதைகளும் தம்முள் வேறுபடும். பழையதையே வேண்டுவார்க்குக் குறையாகத் தோன்றும் இவ்வியல்பே, புதியதைத் தேடுவார்க்குப் பெருந்துணையாகின்றது.

கலப்புச் செய்வோர், தாயாகக் கொண்ட செடியின் மொட்டு விரியுமுன்னரே அதன் இதழ்களைக் களைந்து, தாது முதிர்தற்கு முன் கேசரங்களையும் நீக்கிவிடுவர். பின்பு, வண்டோ காற்றோ வேறு தாதினைக் கொணராவண்ணம் காகிதப் பையால் அதனை மூடுவர். சூலகமுடி பிசுபிசுப்புற்றுத் தாதினை ஏற்கும் பருவம் வந்ததும், தந்தையாகக் கொண்ட செடியின் தாதினைத் தூரிகையாலேனும் விரலாலேனும் தடவி, மீண்டும் மூடி, இன்ன தாய், இன்ன தந்தை, இன்ன நாள் என எழுதிய சீட்டினைக் கட்டுவர். அச்சீட்டு அறுந்து வீழ்ந்தால் விதை இருந்தும் அதன் மரபு அறியப்படாது ஒழியும். மரப்பியோனி பூண்டுப்பியோனிக்கு முன்னரே பூத்து முடிவது. ஆதலால் அதன் தாதினை உலர்த்திக் குளிர்ந்த இடத்திற் காத்து வைப்பர். தொலைவிலுள்ள தோழர்க்கு அஞ்சலில் அனுப்புதலும் உண்டு.

விதை கிடைத்தபின் தொடங்குவது காத்திருத்தல். பியோனி விதை ஒருமுறையன்றி இருமுறை உறங்குவது. ஈரமும் வெம்மையும் பெற்று முதலில் வேர் மட்டும் விடும். அவ்வேர் ஒரு குளிர்காலத்தைக் கழித்த பின்னரே இலை மேலெழும். அளவுக்கு மிஞ்சி உலர்ந்த விதை மேலும் ஓராண்டு மண்ணிற் கிடப்பினும் கிடக்கும். பூண்டுவகை முதல்மலரைக் காட்டுதற்கு மூன்று முதல் ஐந்தாண்டு செல்லும்; மரவகைக்கு இன்னும் மிகுதி. முதல்மலரைக் கொண்டு முடிவு செய்தலும் கூடாது. தண்டு மலரின் பாரத்தைத் தாங்குமா, மழையில் இதழ் கெடுமா, நோயை எதிர்க்குமா, வேரைப் பகுத்தால் விரைவிற் பெருகுமா என்பனவெல்லாம் பல ஆண்டு பார்த்தே துணிய வேண்டும். இங்ஙனம் ஒரு கலப்புக்கும் அதன் மலர் பிறர் தோட்டம் புகுதற்கும் இடையே பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழிதல் இயல்பு.

இத்துறையிற் பெரும்புகழ் பெற்றவர் ஆர்தர் பெர்சி சாண்டர்ஸ் (1869–1953) என்பார். கனடாவிற் பிறந்த இவர், நியூயார்க் மாநிலத்து ஹாமில்டன் கல்லூரியில் இரசாயன ஆசிரியராக விளங்கினார். முன்னிருந்தோர் பெரும்பாலும் ஓரினத்துள்ளேயே கலந்து வர, இவரோ பல நாட்டுக் காட்டினங்களை வருவித்து இனத்தோடு இனம் கலந்தார். அதனாற் பவளநிறம் முதலிய புதுநிறங்கள் பூண்டுப்பியோனியில் தோன்றின. ஏறத்தாழ 17,000 நாற்றுகளை வளர்த்து, அவற்றுள் 300 அளவிலானவற்றிற்கே இவர் பெயர் சூட்டினார் என்பர். இவருடைய மரப்பியோனிக் கலப்புகள் பெரும்பாலும் மலடாயினும், மிக அரிதாகக் கிடைத்த சில விதைகளினின்று இரண்டாந் தலைமுறைச் செடிகள் சிலவற்றை எழுப்பினார். எண்ணும் எழுத்துமே பெயராகக் கொண்ட அச்செடிகளைப் பெற்றோராக வைத்தே, பின்வந்த ஓவியர் நாசோஸ் டாப்னிஸ் கிரேக்கப் பழங்கதைப் பெயர்கள் தாங்கிய பல மலர்களைப் படைத்தார்.

உண்ண உணவின்றி வாடுவார் பலர் உள்ள உலகில், ஒரு மலருக்காக இத்துணை உழைத்தல் தகுமோ என்று சிலர் வினவலாம். அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் விடை சாண்டர்ஸின் குடும்பத்திலேயே உள்ளது. அவர் இளைஞராயிருந்தபோது, 1892-ஆம் ஆண்டளவில், இந்தியாவினின்று சென்ற 'ஹார்டு ரெட் கல்கத்தா' என்னும் கோதுமையைக் கனடாவின் 'ரெட் பைஃப்' கோதுமையோடு கலந்தார். அக்கலப்பின் வழித்தோன்றல்களை ஆராய்ந்து, அவற்றினின்று 'மார்க்விஸ்' என்னும் கோதுமையைத் தேர்ந்தெடுத்தவர் அவர் உடன்பிறந்தார் சார்லஸ் சாண்டர்ஸ். உறைபனி வருமுன் விளைந்துவிடும் அக்கோதுமை, கனடாவின் பெருஞ்சமவெளிகளை நெற்களஞ்சியம் போன்ற தானியக் களஞ்சியமாக்கிற்று. கோதுமையைக் கலந்த கையே பியோனியையும் கலந்தது. இரண்டிற்கும் வேண்டிய கல்வி ஒன்றே. மலரில் பழகிய கண்ணும் பொறுமையும் கதிருக்கும் உதவும் என்பதை யார் மறுப்பர்?

மஞ்சள்நிறத்தின் கதை இன்னும் வியப்புடையது. தோட்டத்துப் பூண்டுப்பியோனியில் வெண்மை, செம்மை, இவற்றின் இடைநிறங்கள் உண்டேயன்றி ஆழ்ந்த மஞ்சள் இல்லை. சீனாவின் யூனான் மலைநாட்டில் மஞ்சள்மலர் பூக்கும் காட்டுப் புதரினம் ஒன்றைப் பிரெஞ்சுக் குருவாகிய தெலவே என்பார் 1880-களிற் கண்டு தம் நாட்டிற்கு அறிவித்தார். லெமோயின் குடும்பத்தார் அதனை மூதானோடு கலந்து மஞ்சள்நிற மரப்பியோனிகளைப் பெற்றனர். 'ஆலிஸ் ஹார்டிங்' அவற்றுள் ஒன்று. அந்நிறத்தைப் பூண்டுவகைக்குக் கொணரப் பலரும் விழைந்தனர். ஆனால் மரவகையும் பூண்டுவகையும் உறவால் மிக விலகியவை. கலந்தால் விதை பிடிப்பதில்லை.

சப்பானியராகிய டோயிச்சி இட்டோ தளராது முயன்றார். 'ககோடென்' என்னும் வெள்ளைப் பூண்டுப்பியோனியைத் தாயாகவும் 'ஆலிஸ் ஹார்டிங்'கைத் தந்தையாகவும் கொண்டு, ஏறத்தாழ 1,200 முறை கலந்தார் என்பர். 1948-இல் விதை கிடைத்தது. நாற்றுகள் சில முளைத்தன. அவற்றுட் சிலவற்றின் இலை தாயின் இலை போலாது, தந்தையின் சாயலைக் காட்டிற்று. ஆயினும் அவை மலருமுன், 1956-இல், இட்டோ காலமானார். 1960-களின் முற்பகுதியில் அச்செடிகள் மஞ்சள்மலர் ஈன்றன. அமெரிக்கரான லூயி ஸ்மிர்னோ அவற்றைப் பெற்று, 'எல்லோ கிரௌன்', 'எல்லோ டிரீம்', 'எல்லோ எம்பரர்', 'எல்லோ ஹெவன்' என நான்கு வகைகளை 1974-இல் பதிவு செய்வித்தார். அது முதல், இக்கலப்பிற் பிறந்தவை யாவும் இட்டோவின் பெயராலேயே வழங்குகின்றன. அமெரிக்கர் ரோஜர் ஆண்டர்சன் இவ்வழியிற் பெற்று 1986-இல் பதிவு செய்த 'பார்ட்செல்லா' என்னும் அடுக்கிதழ் மஞ்சள்மலர், 2006-இல் அமெரிக்கப் பியோனிக் கழகத்தின் பொற்பதக்கம் பெற்றது.

இக்கலப்புச் செடிகள் பெரும்பாலும் விதை ஈனா. ஈரிணையாக அமைய வேண்டிய குரோமோசோம்கள் இவற்றில் மும்மூன்றாக நிற்றலின், தாதும் சூலும் செவ்வனே உருவாவதில்லை. எனவே, அடுத்த படியை எடுக்க விரும்புவார் மீண்டும் தொடக்கத்திலிருந்து கலக்க வேண்டியவரே. எனினும் ஆண்டுதோறும் அவர் சீட்டுக் கட்டுவதும் விதை ஊன்றுவதும் நின்றபாடில்லை.

இட்டோ கண்டது இலையை. மலரைக் கண்டவர் பிறர். அவ்விலை ஒன்றே தம் கருத்து நிறைவேறும் என்பதற்கு அவருக்குக் கிடைத்த சான்று. ஒரு மலரின் பெயரை அறியும்போது, அதனை நட்டாரையும், மலருமுன் மறைந்தாரையும் ஒருசேர நினைத்தல் கற்றோர் கடனாம்.