கொல்லிப்பாவை: கதையும் பதிவும்

மலையிலும் காட்டிலும் மனிதர் அல்லாத உயிர்கள் உறைகின்றன என்னும் நம்பிக்கை பல நாடுகளில் உண்டு. தமிழில் அத்தகைய பழைய நம்பிக்கைகளுள் ஒன்று கொல்லிப்பாவை.

கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. சங்க காலத்தில் வல்வில் ஓரி ஆண்ட மலை இது. இதன் மேற்குப் பக்கத்தில், தெய்வத்தன்மை உடைய பெண்ணுருவம் ஒன்று நிற்பதாகப் புலவர்கள் பாடினர். பரணர் பாடிய குறுந்தொகை 89, நற்றிணை 201, கபிலர் பாடிய குறுந்தொகை 100 ஆகியவற்றில் இப்பாவை இடம்பெறுகிறது. காற்று மோதினாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் அதன் அழகு கெடாது என்கிறது நற்றிணைப் பாடல். ஓலைச்சுவடியில் இருந்த நற்றிணை, பின்னத்தூர் நாராயணசாமி ஐயரின் உரையுடன் 1915இல் அச்சில் வெளிவந்தது.

மக்களிடையே வழங்கும் கதையோ வேறு. பாவை சிரித்து மயக்கி, நெருங்கி வருவோரைக் கொன்றுவிடும் என்பர். மேற்கண்ட மூன்று பாடல்களிலும் அச்சிரிப்பு இல்லை. தலைவியின் அழகுக்கு உவமை தேடிய புலவர்கள், அதற்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டனர். மலைவாழ் மக்கள் தம் பாவையைப் பற்றிச் சொன்ன சொற்கள் அப்பாடல்களில் பதிவாகவில்லை.

கடல் கடந்த நாட்டிலும் இவ்வாறே நிகழ்ந்தது. கனடாவின் மேற்குப் பகுதியில் வாழும் சாலிஷ் மக்களின் கதைகளில், காட்டில் உறையும் பேருருவினர் வருகின்றனர். ஜே. டபிள்யூ. பர்ன்ஸ் என்னும் பள்ளி ஆசிரியர் அவற்றைக் கேட்டு, 1929இல் ஓர் இதழில் எழுதினார். சாலிஷ் மொழிச் சொல்லிலிருந்து அவர் அமைத்த 'சாஸ்குவாட்ச்' என்னும் பெயர் உலகெங்கும் பரவியது. இன்று பலர் அதனைக் குரங்கு போன்ற விலங்கு என்றே எண்ணுகின்றனர். அம்மக்களுக்கோ அது நிலத்தைக் காக்கும், மதிப்பிற்குரிய உயிர்.

மாணவர்களே! எழுதியவர் எதை எடுத்துக்கொண்டார், எதை விட்டார் என்று ஆராய்ந்தே பழைய பதிவுகளைப் படித்தல் வேண்டும். ஜோகுபாளையத்தில் வாழும் நம் வீடுகளிலும், சொந்த ஊரிலிருந்து பெரியோர் கொண்டுவந்த கதைகள் உள்ளன. சொல்வோர் இருக்கும்போதே, அவர்தம் சொற்களிலேயே அவற்றை எழுதி வைப்பது நம் கடமையாகும்.

அருஞ்சொற்பொருள்
பாவை – பெண் உருவம், பதுமை
உறைதல் – தங்கி வாழ்தல்

பயிற்சி
1. சங்கப் பாடல்களிலும் மக்கள் கதையிலும் பாவை எவ்வாறு வேறுபடுகிறது?
2. உம் வீட்டுப் பெரியோரிடம் ஒரு காட்டுக் கதையைக் கேட்டு எழுதுக. சொன்னவர் யார், எந்த ஊர்க் கதை, அவர் யாரிடம் கேட்டார் என்பனவற்றையும் குறிப்பிடுக.