குட்டை நெல்லும் நெட்டை நெல்லும்

வரப்பில் நின்று வயலை நோக்குவோர் கண், அயற்பயிர்களை விஞ்சி ஓங்கி நிற்கும் பயிரின்மேலேயே முதலிற் செல்லும். அதன் மணியையே அடுத்த போகத்திற்கு விதையாக வைத்தல் நன்று என உள்ளமும் கூறும். அஃது எப்போதும் நன்றாகாது.

வாழ்க்கைப் போராட்டத்தில் வென்ற உயிரே தன் மரபைப் பெருக்குகின்றது என்று, சார்லஸ் டார்வின் என்னும் ஆங்கில அறிஞர் 1859-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். இதனை இயற்கைத் தேர்வு என்பர். நெற்பயிருக்கு அப்போராட்டம் கதிரவன் ஒளியைப் பற்றியது. நெடியது ஒளியைக் கவரும். அதன் நிழலிற்பட்ட குட்டை மெலியும். ஆயின், உயர்வதற்குச் செலவிட்ட ஊட்டமெல்லாம் வைக்கோலாய்ப் போயிற்றே! எல்லாப் பயிரும் நெடியனவாய்விட்டால் எதற்கும் ஒளி மிகுதியாகக் கிட்டுவதில்லை, மணிதான் குறைகின்றது. உரத்தை மிகுதியாக இட்டாலோ, நெடிய தாள் கதிரின் சுமை தாங்காது சாய்ந்துவிடும்.

பிலிப்பைன்ஸ் நாட்டில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தார், 1962-இல் இந்தோனேசியாவின் பெட்டா என்னும் நெட்டை நெல்லோடு தைவான் நாட்டுக் குட்டை நெல் ஒன்றனை இணைத்தனர். முதல் தலைமுறைப் பயிர் யாவும் நெட்டையே. குட்டைத்தன்மை ஒழிந்ததோ எனின், ஒழியவில்லை, மறைந்திருந்தது. இரண்டாம் தலைமுறையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குட்டையாய் வளர்ந்தது. அப்பங்கினின்று தெரிந்தெடுத்து வளர்த்ததே, 1966-இல் வெளிவந்த ஐ.ஆர். 8. அதன் சோறு சுவையற்றது என்று பலர் பழித்தனர். அப்பழியில் உண்மை உண்டு. எனினும், விளைச்சலை மறுத்தவர் இலர்.

இனிக் கூறுவதே வியப்பானது. அந்நிலையத்தைச் சேர்ந்த பீட்டர் ஜென்னிங்ஸ் என்பவரும் உடனாய்ந்தவரும், நெட்டையும் குட்டையுமான நெல்வகைகளை ஒரே வயலிற் கலந்து பயிரிட்டுப் பார்த்து, 1968-இல் முடிவை வெளியிட்டனர். தனித்து நட்டபோது மிக விளைந்த குட்டை வகைகள், கலந்து நட்டபோது நெட்டையின் நிழலில் நலிந்து, சில தலைமுறைகளுக்குள் பெரும்பாலும் அருகிப்போயின. தனித்த நிலையில் குறைவாய் விளைந்த நெட்டைகளே வயலைக் கைக்கொண்டன. வென்ற பயிர் வேறு. உழவனுக்கு வேண்டிய பயிர் வேறு.

ஆதலின், கலப்பினப் பயிரை இயற்கையின் கையில் விட்டுவைத்தால், குட்டைகள் தெரிந்தெடுக்கப்படுமுன்னரே மடிந்துவிடும். பயிர் வளர்ப்போர் நெட்டைகளைத் தாமே களைகின்றனர். அன்றேல், ஒவ்வொரு குட்டையின் விதையையும் தனித்தனிப் பாத்தியில் நட்டு, ஒற்றைப் பயிரின் தோற்றத்தைப் பாராது, பாத்தி முழுவதன் விளைச்சலையே நிறுத்துப் பார்க்கின்றனர்.