மூணு பேர் அந்தப் பக்கம்... நான் இந்தப் பக்கம்!

வடமதுரையில் எங்களுக்கு ஒரு ஓட்டு வீடு இருக்கிறது. அப்பா கட்டியது. இப்போதைக்கு அதில் குடியிருப்பவர்கள் ரெண்டு பல்லி, ஒரு எலி. யாரும் வாடகை தருவதில்லை. ‘பேசாம வித்துரலாம்’ என்று தம்பிகள் ரெண்டு பேரும் தங்கச்சியும் ஒரே குரலில் சொல்கிறார்கள். ‘கூடாது’ என்று நான் மட்டும் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்துக்கொண்டிருக்கிறேன். மூணு பேருக்கு எதிராக ஒரு ஆள். ஆபீஸில்தான் அப்படி என்றால் வீட்டிலும் அதே கதி!

போன பொங்கலுக்கு எல்லோரும் அங்கே கூடினோம். முதல் நாள் ராத்திரியே பேச்சு முற்றிவிட்டது.

“ஏண்ணே, பூட்டிப் போட்டு கரையான் திங்கவா வச்சிருக்கோம்?” என்றான் மூத்த தம்பி. சின்னவன் வாயே திறக்கவில்லை. தங்கச்சி அடுப்படியில் பாத்திரத்தை ‘ணங்’கென்று வைத்தாள். அந்த ‘ணங்’ எனக்குத்தான்.

மறுநாள் காலை பெங்களூர்க்காரப் பயல், மூத்த தம்பி மகன், ஒரு விளையாட்டுப் பெட்டியை எடுத்து டி.வி.யில் சொருகினான். “பெரியப்பா, நாங்க மூணு பேர்தான் இருக்கோம். ஒரு கை குறையுது, வாங்க!”

ஆட்டத்தின் பெயர் மரியோ பார்ட்டி. நம்ம பரமபதம் மாதிரி கட்டை உருட்டிக் கட்டம் கட்டமாகப் போக வேண்டும். நாலு பேரும் ஒரு சுற்று உருட்டி முடித்ததும் ஒரு குட்டி விளையாட்டு வரும். நாம் நின்ற கட்டம் நீலமா, சிவப்பா என்று பார்த்து அதுவே அணி பிரிக்கும். மூணு பேர் நீலத்திலும் ஒருத்தன் சிவப்பிலும் நின்றால்... அவ்வளவுதான், மூணு பேருக்கு எதிராக அந்த ஒருத்தன்! யாரும் கேட்டு வாங்குவதில்லை. கட்டை விழுந்த விதி.

எனக்கு வந்து வாய்த்தது கயிறு இழுக்கிற போட்டி. கையிலிருக்கும் குட்டிக் குச்சியை வட்டமாகச் சுற்றினால் திரையில் நம்ம ஆள் கயிறு இழுப்பான். தனி ஆளை முதல் நொடியிலேயே கவிழ்த்துவிட்டால் சுவாரஸ்யம் ஏது? அதனால் ஒத்தை ஆளும் ஈடுகொடுக்கிற மாதிரிதான் இந்த ஆட்டங்களை அமைக்கிறார்கள். நான் உற்சாகமாக உள்ளங்கையை வைத்துத் தேய்க்கப் போனேன்.

“பெரியப்பா! உள்ளங்கை கூடாது. திரையிலேயே எச்சரிக்கை போட்டிருக்கான் பாருங்க!”

அந்த எச்சரிக்கைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, ஸார். இந்த வரிசையின் முதல் ஆட்டம் 1998 டிசம்பரில் ஜப்பானிலும், 1999 பிப்ரவரியில் அமெரிக்காவிலும் வந்தது. ஹட்சன் சாஃப்ட் தயாரித்து நிண்டெண்டோ வெளியிட்டது. குச்சி சுற்றுகிற விளையாட்டுக்களில் கட்டை விரல் வேகம் போதாது என்று பிள்ளைகள் உள்ளங்கையை வைத்துத் தேய்க்க, கை கொப்பளித்துப் போனது. பெற்றோர் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரலிடம் புகார் செய்ய, 2000 மார்ச்சில் சமரசம் ஆனது. நஷ்டஈடாகக் கொடுத்தது என்ன தெரியுமா? கையுறை! ஒரு வீட்டுக்கு நாலு வரைக்கும். ஆட்டம் வாங்கியிருந்த சுமார் 12 லட்சம் பேரும் கேட்டால் 8 கோடி டாலர் வரை செலவாகும் என்று கணக்கு. அதற்கப்புறம் வந்த ஆட்டங்களில் குச்சி சுற்றுவதையே பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். 2021-ல் வந்த ‘மரியோ பார்ட்டி சூப்பர்ஸ்டார்ஸ்’ பதிப்பில் கயிறு இழுப்பு திரும்பி வந்தது, எச்சரிக்கையோடு.

அதாவது, இழுக்க வேண்டியதுதான். ஆனால் உள்ளங்கைத் தோல் உரியும் வரைக்கும் இழுக்கக் கூடாது. இதைச் சொல்ல ஒரு கம்பெனிக்கு எட்டுக் கோடி டாலர் பயம் தேவைப்பட்டிருக்கிறது. எனக்கு ஒரு பொங்கல் லீவு.

சொல்ல மறந்தேனே... தோற்றுவிட்டேன். தங்கச்சி மகன், “மாமா அவுட்டு!” என்று குதித்தான். ஆனால் அடுத்த சுற்றிலேயே கட்டம் மாறி, அதே பயல் என் அணி! “மாமா, நாம ரெண்டு பேரும் சேர்ந்து அவங்களைக் கவுத்துடலாம்” என்கிறான். ஒரு நிமிஷம் முன்னால் என்னைக் கவிழ்த்தவன்!

பதினோரு மணிக்கு கரண்ட் போனது. பிள்ளைகள் திருதிருவென்று விழிக்க, திண்ணைக்குக் கூட்டிப் போனேன். அங்கேதான் இருக்கிறது நான் கையெழுத்துப் போடாததன் காரணம். சிமென்ட் காய்வதற்குள் அப்பத்தா ஆணியால் கீறிய ஆடுபுலிக் கட்டம். 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. ஆடு ஒவ்வொன்றாகத்தான் இறங்கும். தாண்டி வெட்டுகிற உரிமை புலிக்கு மட்டும். ஆடுகள் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து, புலி அசைய முடியாமல் அடைத்தால் ஜெயம். அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தையில் ஆடு விற்ற கை என்பதாலோ என்னவோ, அப்பத்தா எப்போதும் ஆட்டுப் பக்கம்தான். “ஒத்த ஆடா நிக்காதடா, வெட்டிருவான்” என்பாள்.

எண்ணிக்கை குறைந்தவனுக்குப் பலம், பலம் குறைந்தவனுக்குக் கூட்டாளி. நேபாளத்தில் இதையே 4 புலி, 20 ஆடு என்று ஆடுகிறார்கள். ஜப்பான்காரன் டி.வி.க்குள் வைத்ததும் இந்த நியாயத்தைத்தான்.

புளியங்கொட்டை ஆடாச்சு, கூழாங்கல் புலியாச்சு. பிள்ளைகள் மூணும் ஆடு, நான் புலி. ஒரு புலியை எடுத்து நகர்த்தப் போனேன்.

“அண்ணே, அதைத் தொடாதே. அடைச்சிருவாளுக!”

திரும்பினால், சின்னத் தம்பி. எப்போது வந்து உட்கார்ந்தானோ தெரியாது. கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பத்தா கீறினபோது ஆணி எடுத்துக் கொடுத்தவனே அவன்தான். ரொம்ப நேரம் கழித்து மெதுவாகக் கேட்டான்:

“ஓடு மாத்த எவ்வளவுண்ணே ஆகும்? பாதி நான் தர்றேன்.”

எதிரே தூணில் சாய்ந்திருந்த மூத்தவன் முறைத்தான். அடுப்படியில் மறுபடியும் ஒரு ‘ணங்’.

கட்டம் மாறிவிட்டது, ஸார். இப்போது ரெண்டுக்கு ரெண்டு. மரியோ பார்ட்டியில் அதற்கும் தனியாக ஆட்டம் இருக்கிறதாம்!