குருவிக்குப் பாட்டு வாத்தியார் யார்?

காக்கைக் கூட்டில் பொரிந்து, காக்கை ஊட்டி வளர்த்த குயில் குஞ்சு கரையக் கற்றுக்கொள்வதில்லை. பருவம் வந்ததும் தானாகவே கூவுகிறது. அதன் குரல் பிறவிச் சொத்து. வேடிக்கை என்னவென்றால், விலங்கியல் வகைப்பாட்டில் 'பாடும் பறவைகள்' பிரிவில் காக்கைக்குத்தான் இடம், குயிலுக்குக் கிடையாது. கவிஞர்கள் மன்னிக்க வேண்டும்!

பாட்டைக் கேட்டுப் படிக்கும் பறவைகளில் ஆய்வாளர்களின் செல்லப்பிள்ளை ஜீப்ரா ஃபிஞ்ச். நம்மூர்ப் பறவைக் கடைகளில் ஆரஞ்சுக் கன்னத்தோடு ஓயாமல் கீச்சிடுமே, அந்த ஆஸ்திரேலியக் குருவிதான். ஆண் மட்டுமே பாடும். பொரிந்து 25 நாள் வாக்கில் குஞ்சு தகப்பன் பாட்டை உள்வாங்கத் தொடங்குகிறது. பிறகு மழலையாக உளறி, தன் குரலைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்கிறது. சுமார் 90 நாளில் பாட்டு இறுகிவிடும். அப்புறம் ஆயுள் முழுக்க அதே பாட்டுதான்.

இந்தப் படிப்பில் மரபணுவுக்கு என்ன வேலை? லண்டனில் ஒரு குடும்பத்தில் மூன்று தலைமுறையாகப் பலருக்குப் பேச்சு குழறியது. காரணம் ஃபாக்ஸ்பி2 என்ற மரபணுவில் இருந்த பழுது என்று 2001-இல் தெரியவந்தது. 2007-இல் ஜெர்மனியில் கான்ஸ்டன்ஸ் ஷார்ஃப் குழுவினர், ஃபிஞ்ச் குஞ்சுகளின் மூளையில் 'ஏரியா எக்ஸ்' என்ற பகுதியில் மட்டும் அதே மரபணுவின் செயலைக் குறைத்துப் பார்த்தார்கள். குஞ்சுகள் பாடத்தான் செய்தன. ஆனால் சில அசைகள் விடுபட்டன, சில பிசகின, ஒருமுறை பாடியது போல மறுமுறை வரவில்லை.

'மொழி மரபணு கிடைத்துவிட்டது' என்று பத்திரிகைகள் கொண்டாடியது அவசரக் குடுக்கைத்தனம். புறாவுக்கும் முதலைக்கும்கூட ஃபாக்ஸ்பி2 உண்டு. அவை எந்த வாத்தியாரிடமும் பாட்டுப் படிப்பதில்லை.

எனக்கு இதைவிட ருசியாகப் படுவது 2018-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் டேவிட் மெட்ஸும் மைக்கேல் பிரெய்னார்டும் செய்த சோதனை. பறவை, பெங்காலீஸ் ஃபிஞ்ச். இங்கேயும் வாழ்கிற வெண்முதுகுச் சில்லை இனத்திலிருந்து ஜப்பானியர் வளர்த்தெடுத்த கூண்டுப் பறவை அது. தகப்பன் குரலையே கேட்காத குஞ்சுகளுக்குக் கம்ப்யூட்டர் வழியே ஒரே பாட்டைப் போட்டார்கள். எல்லாம் படித்தன, ஆனால் வேகம் வேறு வேறு. ஒரே கீர்த்தனையை ஒருவர் நிதானமாகவும் இன்னொருவர் துரிதமாகவும் பாடுவது போல. அந்த வேகம், அவை பார்த்தே இராத தகப்பனின் வேகத்தை ஒட்டி இருந்தது. கம்ப்யூட்டருக்குப் பதில் உயிருள்ள பறவையை வாத்தியாராக வைத்தபோது பரம்பரையின் பிடி தளர்ந்தது. வாத்தியாரின் வேகம் ஒட்டிக்கொண்டது. பிறவி வேகத்துக்குப் பொருந்திய பாடம் கிடைத்த குஞ்சுகள் இன்னும் நன்றாகப் படித்தன என்று அடுத்த ஆண்டே அவர்கள் காட்டினார்கள்.

வாத்தியாரே இல்லாவிட்டால்? தனியே வளர்ந்த ஜீப்ரா ஃபிஞ்ச் ஒரு கரடுமுரடான பாட்டைப் பாடும். நியூயார்க்கில் ஓல்கா ஃபெஹரும் சகாக்களும் அப்படிப்பட்டவற்றையே வாத்தியாராக்கினார்கள். சீடர்கள் அந்தப் பாட்டைக் கொஞ்சம் செப்பனிட்டே படித்தன. அவற்றின் சீடர்கள் இன்னும் கொஞ்சம். மூன்று நான்கு தலைமுறையில் பாட்டு ஏறக்குறைய இயல்பான காட்டுப் பாட்டுக்கே வந்து சேர்ந்தது. 2009-இல் வெளியான முடிவு இது. பரம்பரை தருவது பாட்டை அன்று. எது நல்ல பாட்டு என்று எடைபோடும் காதை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வீட்டில் அத்தனை தலைமுறை காத்திருக்க யாரால் முடியும்? ஃபிஞ்ச் வளர்ப்பவர்கள் ஆண் குஞ்சுகளை மூன்று மாதம் வரை தகப்பன் குரல் கேட்கும் தூரத்திலாவது வையுங்கள்.