தலைவர்கள் வாழ்ந்த வீடுகள் – 9: ஆக்ஸ்லி சாலை, எண் 38

போன வாரம் சென்னை தியாகராய நகரில், திருமலைப் பிள்ளை சாலையிலுள்ள காமராஜர் வீட்டுக்குள் போய் வந்தோம். இந்த வாரம் பார்க்கப்போகும் வீட்டில் வாசலோடு நின்றுவிட வேண்டும்.

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறினால் அடுத்த நிலையம் டோபி காட். நம்மவர்கள் ஓடைக்கரையில் துணி வெளுத்துப் பிழைத்த இடம். தொழில் போய்விட்டது, பெயர் நிற்கிறது. அங்கிருந்து கால் மணி நேர நடையில் ஆக்ஸ்லி சாலை. சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இது புதுத் திசை அல்ல. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குக் காவடி போகிறதே, அந்த வழிக்குப் பக்கத்துத் தெருதான். எத்தனையோ வருடம் பால்குடத்தோடு கடந்தவர்கள்கூட இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எண் 38. லீ குவான் யூ 1940களில் குடியேறிய பழைய பங்களா. பிரதமரான பிறகும் அவர் மாறவில்லை; 2015 மார்ச் 23இல் மறையும்வரை இதுதான் அவர் வீடு. தனக்குப் பின் இதை இடித்துவிட வேண்டும் என்பது அவருடைய விருப்பம். 2013இல் எழுதிய கடைசி உயிலிலும் அதைச் சொல்லியிருக்கிறார். நேருவின் வீடு போன்றவற்றைப் பார்த்துவிட்டு, இப்படிப்பட்ட வீடுகள் நாளடைவில் சீரழிந்துபோகின்றன என்ற முடிவுக்கு வந்தவர் அவர். இடிப்பதா, காப்பதா என்ற கேள்வியில் பிள்ளைகள் பிரிந்தார்கள். 2017இல் அது நாடாளுமன்றம்வரை போனது.

அந்தக் குடும்ப வழக்குக்குள் நான் போக விரும்பவில்லை. என்னை இங்கே இழுத்து வந்தது நிலவறையிலுள்ள சாப்பாட்டு அறை. 1954இல் ஒரு சிறு கூட்டம் அங்கே கூடிக் கூடிப் பேசியது. கோ கெங் சுவீ, டோ சின் சாய் வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்த பத்திரிகையாளர் எஸ். ராஜரத்தினம் வந்தார், 1952 தபால்காரர் வேலைநிறுத்தத்தில் லீ வழக்கறிஞராக நின்றபோது பத்திரிகையில் துணை நின்றவர் அவர். மலாக்காவில் பிறந்த தேவன் நாயர் வந்தார், பின்னாளில் அதிபரானார். அந்தப் பேச்சிலிருந்து பிறந்த மக்கள் செயல் கட்சி, நவம்பர் 21இல் விக்டோரியா நினைவு மண்டபத்தில் தொடங்கப்பட்டது. சிங்கப்பூர்ப் பிள்ளைகள் பள்ளியில் சொல்லும் தேசிய உறுதிமொழியை 1966இல் எழுதியவரும் அந்த ராஜரத்தினம்தான்.

அப்படியென்றால் அந்த அறை லீ ஒருவருக்கு மட்டும் சொந்தமா? படுக்கையறையும் குளியலறையும் அவருடையவை. அவற்றை மறைத்துவிட அவருக்கு முழு உரிமை உண்டு. சாப்பாட்டு அறை அங்கே உட்கார்ந்த அத்தனை பேருக்கும் உரியது. 2025 நவம்பரில் அரசு இந்த இடத்தைத் தேசிய நினைவுச்சின்னமாகக் காக்கும் எண்ணத்தை அறிவித்தது. குடும்பம் புழங்கிய அறைகளின் தடயங்களை நீக்கிவிடுவதாகவும் சொன்னது. என் மனதுக்கு இது சரியென்றே படுகிறது. இடித்திருந்தால் நான் அழுதிருப்பேன்.

வீட்டுக்குள் போக முடியாத குறையை அவர் வேலை பார்த்த இடம் தீர்க்கிறது. பாடாங் திடலைப் பார்த்தபடி நிற்கும் நகர மண்டபம் 2015 முதல் தேசிய கலைக்கூடத்தின் ஒரு பாதி. பிரதமராகத் தொடக்க ஆண்டுகளில் லீயின் அலுவலகம் இங்கேதான் இருந்தது. பெரிய தூண்களுக்கு நடுவே ஏறி மண்டபத்தின் பேரவைக் கூடத்துக்குப் போனேன். 1945 செப்டம்பர் 12இல் ஜப்பானியர் சரணடைந்து கையெழுத்திட்ட கூடம். பதினான்கு ஆண்டு கழித்து, 1959 ஜூன் 5இல், லீயும் அமைச்சர்களும் இதே கூடத்தில் பதவியேற்றார்கள். ராஜரத்தினமும் அவர்களில் ஒருவர், பண்பாட்டு அமைச்சராக. சாப்பாட்டு மேசையிலிருந்து இந்தக் கூடத்துக்கு வந்து சேர அவர்களுக்கு ஐந்தே ஆண்டு ஆகியிருக்கிறது. நான் நெடுநேரம் அங்கேயே நின்றிருந்தேன்.

அடுத்த வாரம் இஸ்தானா. 1869இல் இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்து முடிந்த மாளிகை.