மாடியில் இருக்கும் டிஷ்ஷை வீசி எறியாதீர்கள்

சென்ற ஆண்டு நம் சங்கத்துப் பொங்கல் விழாவில், பந்தி முடிந்து கை கழுவப் போன இடத்தில் ஒரு மூதாட்டி என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீங்க ரயில்வேயில சிக்னல், டெலிபோன் எல்லாம் பார்த்தவர்தானே? ஒரு நாள் வந்து எங்க வீட்டு டி.வி.யைப் பார்க்கணுமே" என்றார்.

அவர் கணவர் ரயில்வே கார்டாக இருந்து காலமானவர். மகன் புனேயில் வேலை பார்க்கிறார். அம்மா மட்டும் இங்கே நாகபுரியில், அஜ்னிப் பக்கம் ஒரு வாடகை வீட்டுக்கு மாறி நான்கு மாதம் ஆகியிருந்தது. முன்பு குடியிருந்தவர்கள் விட்டுச் சென்ற டிஷ் ஒன்று மொட்டை மாடியில் இருந்தது. பார்க்க வந்த மெக்கானிக், "ஸப் புரானா ஹோ கயா" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லி, டிஷ் முதல் கேபிள் வரை எல்லாம் புதிதாகப் போட 3,500 ரூபாய் கேட்டிருக்கிறார்.

"பணம் ஒருபுறம் இருக்கட்டும் தம்பி. நாலு மாசமா வீட்டுல தமிழ்ப் பேச்சே காதுல விழலை. அதுதான் கஷ்டமா இருக்கு" என்றார் அந்த அம்மா.

அடுத்த ஞாயிறு காலை போய்ப் பார்த்தேன். டிஷ்ஷுக்கு ஒரு குறையும் இல்லை. சிக்னல் அண்ட் டெலிகாம் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்ததில் நான் கற்றது ஒன்று: பழுது என்றால் முதலில் இணைப்புகளைப் பார், பிறகு கேபிளைப் பார், கருவியைக் கடைசியில் பார். அன்றும் அப்படித்தான் ஆயிற்று. நம் அன்பர்கள் பலர் வீட்டு மாடியிலும் இப்படி ஒரு டிஷ் சும்மா நிற்கக்கூடும் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

டிஷ் என்ன செய்கிறது?

பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் அதே வேகத்தில் செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. ஆகவே நம் பார்வைக்கு அவை ஓரிடத்திலேயே நிற்கின்றன. அங்கிருந்து வரும் மெல்லிய அலையைக் குவித்து, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. என்ற சிறு கருவியின் வாயில் சேர்ப்பது மட்டுமே டிஷ்ஷின் வேலை. அது வெறும் தகடு. அதற்குக் கம்பெனி பேதம் தெரியாது. நெளியாமலும் பெரிதாகத் துருப்பிடிக்காமலும் இருந்தால் எத்தனை வருடமானாலும் உழைக்கும்.

எல்.என்.பி.தான் மூளை. 10,700 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலையை அது 950 முதல் 2,150 மெகாஹெர்ட்ஸுக்குள் இறக்கிக் கேபிளில் அனுப்புகிறது. அதற்கு வேண்டிய மின்சாரம் அதே கேபிள் வழியாகச் செட்டாப் பாக்ஸிலிருந்து மேலே போகிறது: செங்குத்து அலைக்கு 13 வோல்ட், கிடை அலைக்கு 18 வோல்ட்.

டிஷ் கேபிளை நேராக டி.வி.யின் ஆன்டெனா துளையில் சொருகினால் படம் வராதது இதனால்தான். சாதாரண டி.வி. அந்த வோல்ட்டைத் தராது. அந்த அலையும் அதற்குப் புரியாது. நடுவில் செட்டாப் பாக்ஸ் கட்டாயம் வேண்டும். சில புதிய டி.வி.களில் சாட்டிலைட் ட்யூனர் உள்ளேயே இருக்கும். பின்புறம் அதற்கென்று தனித் துளை காணப்படும்.

1990களில் நம் ரயில்வே காலனியில் சந்தா பிரித்து வாங்கிய 12 அடி வலை டிஷ்ஷைச் சிலர் நினைவு வைத்திருப்பீர்கள். அது சி-பேண்ட் என்ற வேறு அலைவரிசைக்கு உரியது. இந்த வேலைக்கு உதவாது. நான் சொல்வது இரண்டடி அகலமுள்ள சிறிய டிஷ்.

எந்தப் பெட்டி?

கட்டண நிறுவனங்களின் பெட்டி ஒவ்வொன்றும் அந்தந்த நிறுவனத்துக்கே பொருந்தும். அந்த அம்மாவுக்கு வேண்டியது தமிழ்ச் செய்தியும் நாலு பாட்டும்தான். அதனால் தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் போதும் என்று சொன்னேன். 2004 டிசம்பரில் டி.டி. டைரக்ட் ப்ளஸ் என்ற பெயரில் தொடங்கிய சேவை இது. மாதக் கட்டணம் கிடையாது. பொதிகை என்று நாம் அறிந்த சேனல் 2024 ஜனவரியில் டி.டி. தமிழ் என்று பெயர் மாறியது. அதுவும் இதில் வருகிறது. பெட்டி வாங்கும்போது எம்பெக்-4 வகையாகக் கேட்டு வாங்குங்கள். பழைய வகையில் எல்லாச் சேனலும் தெரியாது.

முதலில் டிஸ்கனெக்‌ஷன் மெமோ

ரயில்வேயில் ஒரு சிக்னலைத் தொடுவதற்கு முன் ஸ்டேஷன் மாஸ்டருக்கு டிஸ்கனெக்‌ஷன் மெமோ கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். வீட்டிலும் அதே ஒழுங்கு வேண்டும். மாடிக்குப் போகுமுன் பெட்டியின் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிடுங்கள். கேபிளின் நடுக்கம்பி சுற்றுவலையில் பட்டால் பெட்டி கெட்டுப்போகலாம்.

நம் வயதுக்காரர்களுக்கு இன்னும் சொல்கிறேன். தனியாக மாடி ஏறாதீர்கள். கைப்பிடிச் சுவரின் மேல் நிற்காதீர்கள். மழை, இடி என்றால் அன்று வேலையே வேண்டாம். மின்கம்பி அருகில் போகும் இடமானால் விட்டுவிடுங்கள். நாகபுரி வெயிலில் காலை ஒன்பதுக்குள் முடிப்பது நல்லது. நான் கீழ்வீட்டுப் பையனை ஸ்பேனரோடு மேலே ஏற்றி, பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தேன். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை முன்பே கேட்டுக்கொண்டேன். டிஷ் அவர் மாடியில்தானே இருக்கிறது?

இணைப்பும் கேபிளும்

எல்.என்.பி.யில் திருகியிருந்த எஃப் கனெக்டரைக் கழற்றினோம். உள்ளே செம்புக் கம்பி பச்சைக் களிம்பு பிடித்து முறியும் நிலையில் இருந்தது. மெக்கானிக் அதைத் திறந்தே பார்க்கவில்லை.

கேபிளின் முனையில் அரை அடி வெட்டி எறிந்தோம். மேல் உறையைச் சீவி, சுற்றுவலையைப் பின்னால் மடித்து, நடுக்கம்பி கனெக்டரின் விளிம்புக்கு வெளியே 2 அல்லது 3 மில்லிமீட்டர் நீளும்படி புதிய கனெக்டர் போட்டோம். வலையின் ஒரு மயிரிழைகூட நடுக்கம்பியைத் தொடக்கூடாது. இரண்டு முனையும் எதிலும் மாட்டாதபோது மல்டிமீட்டரால் நடுக்கம்பிக்கும் வலைக்கும் இடையே பாருங்கள். தொடர்பு காட்டினால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. கேபிளுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் ஒட்டுப் போடாமல் புதிய ஆர்.ஜி.-6 கேபிள் போடுவதே சரி.

பிறகு கீழ் முனையைப் பெட்டியின் எல்.என்.பி. இன் துளையில் மாட்டி, பெட்டியை இயக்கி, மேல் முனையில் அளந்தேன். 13 வோல்ட் காட்டியது. கேபிள் சரி. மீண்டும் பிளக்கை உருவிவிட்டு எல்.என்.பி.யில் மாட்டினோம். மழைநீர் இறங்காதபடி கனெக்டரை டேப்பால் சுற்றி, அருகே கேபிளைத் தொங்கலாக ஒரு வளையம் விட்டோம்.

எல்.என்.பி.யின் மேல் 9750/10600 என்று அச்சிட்டிருந்தால் அது யூனிவர்சல் வகை. பெட்டியின் மெனுவில் அதே எண்ணைத் தேர்ந்தெடுங்கள். வாய்மூடி வெயிலில் வெடித்திருந்தால் எல்.என்.பி.யை மட்டும் மாற்றினால் போதும். சில நூறு ரூபாய்தான். பெட்டியிலிருந்து டி.வி.க்கு ஹெச்.டி.எம்.ஐ. கேபிள், பழைய டி.வி.யானால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூவண்ணக் கேபிள். டி.வி. ரிமோட்டில் சோர்ஸ் பொத்தானை அழுத்தி அந்தத் துளையைத் தேர்ந்தெடுக்க மறக்க வேண்டாம். பாதி வீடுகளில் பழுது என்பது இவ்வளவுதான்.

திசை

ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 கோளிலிருந்து. அது 93.5 டிகிரி கிழக்கில் இருக்கிறது. நாகபுரியிலிருந்து பார்த்தால் வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் ஏறக்குறைய 145 டிகிரி, அதாவது தென்கிழக்கைவிடச் சற்றுத் தெற்கே; தரையிலிருந்து 60 டிகிரி உயரம். ஓய்வுக்குப் பின் சென்னைக்குப் போகிறவர்களுக்கு இதே கோள் 134 டிகிரியில், 68 டிகிரி உயரத்தில் இருக்கும். இரும்புக் கம்பி, தண்ணீர்த் தொட்டிச் சட்டம் இவற்றிலிருந்து விலகி நின்று காம்பஸைப் பாருங்கள்.

சிறிய டிஷ்ஷின் முகம் 60 டிகிரிக்கு அண்ணாந்து இருக்காது; அதன் வடிவமைப்பே அப்படி. பின்புறக் கவ்வியில் பொறித்த அளவை 60இல் வையுங்கள்.

அந்த வீட்டு டிஷ் வேறொரு கோளை நோக்கி ஏறக்குறைய நேர் தெற்கே நின்றது. சுமார் 25 டிகிரி கிழக்கே திருப்ப வேண்டியிருந்தது. இப்படித் திருப்பும்போது எல்.என்.பி.யையும் அதன் பிடிக்குள் சற்றே உருட்ட வேண்டும். பலரும் விட்டுவிடும் வேலை இது.

பெட்டியின் மெனுவில் ஸ்ட்ரெங்த், குவாலிட்டி என்று இரண்டு கோடுகள் தெரியும். கோளே கிடைக்காவிட்டாலும் ஸ்ட்ரெங்த் காட்டும். அதை நம்பி ஏமாறாதீர்கள். குவாலிட்டிதான் முக்கியம். டிஷ்ஷை ஒரு விரற்கடை நகர்த்தி, மூன்று விநாடி காத்திருந்து, பிறகு அடுத்த விரற்கடை நகர்த்துங்கள். வேகமாகத் திருப்பினால் கோளைக் கடந்து போய்விடுவீர்கள். கீழே டி.வி. முன்னால் அந்த அம்மா, மேலே பையன், நடுவில் படிக்கட்டில் நான். "இருபது... முப்பது... ஐயோ போயிடுச்சு தம்பி!" என்று அவர் எண் சொல்லச் சொல்ல நாங்கள் திருப்பினோம். எழுபதைத் தொட்டதும் போல்ட்டுகளை மாற்றி மாற்றி இறுக்கி, ஆட்டோ ஸ்கேன் கொடுத்தோம்.

மொத்தச் செலவு பெட்டிக்கு 1,250, கனெக்டருக்கும் டேப்புக்கும் 60 ரூபாய்.

டி.டி. தமிழ் வந்தபோது ஏதோ விவசாய நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. வாழைக்கு இடும் உரத்தைப் பற்றி ஒருவர் பேசினார். அந்த அம்மாவுக்குத் தோட்டமும் இல்லை, வாழையும் இல்லை. ஆனாலும் காபியை எங்கள் கையில் கொடுத்துவிட்டு, நிகழ்ச்சி முடியும்வரை நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்டார். "திருச்சிப் பக்கத்துப் பேச்சு" என்றார், எங்களைப் பார்க்காமலேயே.

சங்கத்தில் என்னைப்போல் மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்த ஓய்வுபெற்றவர்கள் இன்னும் சிலர் இருக்கிறோம். உங்கள் தெருவில் இப்படித் தனியாக இருக்கும் பெரியவர்கள் வீட்டில் டி.வி. பேசாமல் கிடந்தால், அடுத்த மாதக் கூட்டத்தில் எங்களிடம் சொல்லுங்கள். மாடி ஏற ஒரு இளைஞரை மட்டும் நீங்கள் அனுப்பினால் போதும்.